சின்னப் பழுது பெரிய பில் ஆவது எப்படி? சொகுசு கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல ஏப்ரல் வெயில். தொப்பூர் கணவாயில் ஏறும்போது டேஷ்போர்டில் இன்ஜின் சூடு பற்றிய எச்சரிக்கை மஞ்சளில் வந்தது. மேட்டைக் கடந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அது சிவப்பானது. பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துவதற்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டது.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் போகும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு உடைந்திருந்தது. அதன் விலை சில ஆயிரம்தான். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரில் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது. பில் லட்சத்தைத் தாண்டியது. பத்து வருடம் ஓடிய ஜெர்மன் செடானில் பிளாஸ்டிக் இணைப்பு உடைவது சகஜம், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் நான் செய்தது.

அதற்குப் பிறகு நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும், கடைசியாக வந்த பெரிய பில்லைப் பற்றிக் கேட்பேன். பெரும்பாலும் கதை ஒன்றாகவே இருக்கிறது. முதலில் கெட்டது சின்னப் பொருள். கெட்ட பிறகு வண்டியை ஓட்டிய ஓட்டமும், அவசரத்தில் செய்த வைத்தியமும்தான் பணத்தைத் தின்றிருக்கின்றன. நம்மில் பலர் சர்வீசுக்குப் பெங்களூரைத்தான் நம்பியிருக்கிறோம். கிருஷ்ணகிரியிலிருந்தே சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரிக்காரர்களுக்கு இன்னும் கூட. தூரம் அதிகம் என்பதால், 'எப்படியாவது ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பழுதான காரை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் பணம் தண்டம் என்று தோன்றுகிறது. என் கணக்கில் அதைவிட மலிவான ரிப்பேர் கிடையாது.

இன்ஜின் சூடானால்

மஞ்சள் வந்தால் ஏசியை அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடம் கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். சிவப்பு வந்துவிட்டால் ஓரம் கட்டி, ஹசார்டு விளக்கைப் போட்டு, இன்ஜினை அணைக்க வேண்டியதுதான். ஓரம் கட்டவே சில நூறு மீட்டர் போயாக வேண்டும் என்றால், ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் ஓட வேண்டும்.

அப்புறம் கூலண்ட் மூடியைத் திறக்கும் அவசரம். உள்ளே இருப்பது அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும் திரவம், திறந்தால் முகத்தில் அடிக்கும். முழுதாக ஆறட்டும்.

நான் செய்த இரண்டாவது தவறு தண்ணீர். பக்கத்து டீக்கடையில் கேன் வாங்கி, ஆறியும் ஆறாமலும் போர்த்தண்ணீரை ஊற்றினேன். கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகத்தில் விரிசல் விழலாம். அதோடு, நம் ஊர்ப் போர்த்தண்ணீரைப் பற்றி நமக்கே தெரியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தானே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? ரேடியேட்டரைப் பொறுத்தவரை கவலை ஃப்ளோரைடு அல்ல. தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் வில்லன். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். வேறு வழியே இல்லை என்றால் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள்.

கூலண்டை நிறம் பார்த்து வாங்குவதும் தவறு. பச்சை, நீலம், பிங்க் எல்லாம் கம்பெனிகள் சேர்க்கும் சாயம். ஜி12, ஜி13, ஜி48 என்று மேனுவலில் போட்டிருக்கும் வகைதான் முக்கியம். வேறு வகையைக் கலந்தால் துருவைத் தடுக்கும் ரசாயனம் வலுவிழக்கும், சில கலவைகள் கூழாகவும் மாறும்.

ஸ்கேனர் சொன்னதை அப்படியே நம்புவது

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் மச்சானின் எஸ்யூவியில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வந்தது. காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அதற்கு அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் என்று சொல்லி மாற்றினார்கள். விளக்கு மறுபடி வந்தது. அடுத்து காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு விரிசல். அது வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. அதைத்தான் சென்சார் சரியாகச் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்ன சாட்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, புது சாட்சியை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

கோடு என்பது நோயின் அறிகுறி. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. அதனால் மெக்கானிக்கிடம், "இந்த சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னு எப்படிங்க உறுதி பண்ணினீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வோல்டேஜ் பார்த்தேன், புகை விட்டு லீக் பார்த்தேன் என்று பதில் வந்தால் அவரை விடாதீர்கள். "இதுக்கு இதைத்தான் மாத்துவோம்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஸ்கேனரில் வந்த குறியீட்டை அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது வந்த நொடியில் வேகம், சூடு, இன்ஜின் சுற்று எல்லாம் என்னவாக இருந்தன என்ற பதிவு அதோடு சேர்ந்து இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். ஆன்லைனில் வாங்கும் மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக், ஏபிஎஸ், காற்றுப் பைகளால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கு அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான கருவி வேண்டும்.

பேட்டரியும் லாரியும்

ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்தால் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக், கியர்பாக்ஸ் என்று எல்லா எச்சரிக்கையும் ஒன்றாக வருகிறது. எல்லாம் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது. முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில் 12.6 இருந்தால் நலம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் அந்த எச்சரிக்கைகளை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், பேட்டரியைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நம் நெடுஞ்சாலையில் அடிக்கடி நடக்கிற, நினைத்தாலே எனக்குப் பதறுகிற ஒன்று உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் ஓரத்தில் நிற்கும்போது, உதவிக்கு வரும் நல்ல மனிதர், "அண்ணே, லாரியில இருந்து கேபிள் போட்டுடலாம்" என்பார். லாரியில் இருப்பது 24 வோல்ட், நம் காரில் 12. ஒரே நொடியில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பல எரிந்துபோகலாம். ஒரு காரிலிருந்து மட்டும் எடுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில், கேபிள் மாட்டுவதற்கென்றே பானெட்டுக்குள் தனி முனைகள் கொடுத்திருப்பார்கள், அங்கேதான் மாட்ட வேண்டும்.

சிக்னலில் தானாக அணைந்து ஓடும் வசதி உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஏஜிஎம் என்ற வகை பேட்டரி இருக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சாதா பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் சாகும். பிஎம்டபிள்யூ, ஆடி போன்றவற்றில் புது பேட்டரி போட்டதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய, தளர்ந்த பேட்டரிக்குச் செய்வதுபோலவே புதியதையும் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

ஆயில்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டின்னில் 5டபிள்யூ-30 என்ற தடிமன் எண் இருந்தால் மட்டும் போதாது. பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04, மெர்சிடிஸுக்கு 229.51 அல்லது 229.52, ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக்கு 504/507 என்பது மாதிரி மேனுவலில் உங்கள் இன்ஜினுக்குச் சொன்ன எண், டின்னின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால், புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அந்தச் சாம்பல் எரிந்து போகாது. கியர்பாக்ஸ் ஆயில் 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லியிருந்தாலும், பல வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

இறக்கம், பிரேக், டயர்

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிக்காரர்களுக்குச் சொல்லும் அதே புத்தி நமக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் வண்டிதானே என்று பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். மேனுவல் மோடுக்கு மாற்றி மூன்றாவது, நான்காவது கியரில் இறங்குங்கள். இரண்டு டன் எடையுள்ள எஸ்யூவியின் டிஸ்க் சூடாவதற்கு அந்த இறக்கம் தாராளமாகப் போதும்.

பின்சக்கர பிரேக் பேட் மாற்றும்போது இன்னொரு கவனம். பட்டனில் இயங்கும் பார்க்கிங் பிரேக் என்றால், முதலில் அதை சர்வீஸ் மோடில் போட வேண்டும். கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் மோட்டார் உடைந்துவிடலாம். ஏர் சஸ்பென்ஷன் வண்டியை ஜாக்கியில் தூக்கும்போதும் இப்படித்தான், ஜாக் மோடைப் போட்டுவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். காலையில் வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தால் அந்த மூலையில் காற்று கசிகிறது என்று பொருள். ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்கிறதே என்று மாதக்கணக்கில் ஓட்டினால், ஓயாமல் காற்றடித்தே கம்ப்ரஸர் எரிந்துவிடும். ஒரு பை மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டு செலவு.

காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர் பஞ்சரானால், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடலாம் என்பது பொதுவான கணக்கு. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு அது எட்டாது. காற்றில்லாமல் நிறைய தூரம் ஓட்டிய டயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள் நைந்துபோயிருக்கும். பஞ்சர் ஒட்டி அதே டயரை நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம்.

புளியமர நிழல்

நம் ஊரில் நிழல் என்றால் புளியமரம்தான். ஆனால் சன்ரூஃப் உள்ள வண்டிக்கு அந்தப் பொடி இலை ஆகாது. சன்ரூஃபில் விழும் மழைத் தண்ணீரை வெளியே கொண்டுபோக நான்கு மூலையிலும் பென்சில் பருமனில் குழாய்கள் இருக்கும். புளிய இலை அதில் போய் மண்ணோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மழை வந்ததும் தண்ணீர் தூண் வழியாக இறங்கி தரை விரிப்புக்கு அடியில் தேங்கும். பல சொகுசு கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகளும் வயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. மேலே விரிப்பு காய்ந்திருக்கும், அடியில் உள்ள நுரைப்பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வண்டிக்குள் பூஞ்சை வாடை அடித்தாலோ, காலையில் கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தாலோ, வாசனை டப்பா வாங்கி வைக்காமல் விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் சன்ரூஃபைத் திறந்து, மூலைகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்பக்கத் தண்ணீர் பெரும்பாலும் முன்கதவுக்குப் பக்கத்திலோ சக்கரத்துக்குப் பின்னாலோ சொட்ட வேண்டும், பின்பக்கத் தண்ணீர் பின்சக்கரத்துப் பக்கம். எங்கேயும் சொட்டாமல் மூலையிலேயே நின்றால் அடைப்பு இருக்கிறது. அதை எடுக்கக் கம்பியை விட்டுக் குத்துவதும், பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை வைத்து அடிப்பதும் வேண்டாம். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்கித்தான் மாட்ட வேண்டும். புல் வெட்டும் மெஷினில் போடும் மெல்லிய நைலான் நரம்பை ஓர் அடி வெட்டி, நுனியைத் தீக்குச்சி நெருப்பில் காட்டி உருட்டி மழுக்கி, மெதுவாக விட்டு எடுங்கள். அதற்கே வந்துவிடும்.