மெயிலில் ஃபைல் அனுப்புகிறவர்களுக்கு, ஒரு டிடிபி மேசையிலிருந்து

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் 14 வருடமாக டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் எழுத்தடித்துப் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் ஊரில் கல்யாணம் இருக்காது, எங்களுக்கு வேலை இருக்கும். அடுத்த மாத முகூர்த்தங்களுக்கான பத்திரிகை மேட்டர் எல்லாம் அப்போதுதான் மெயிலில் வந்து குவியும். அனுப்பியவர்கள் உடனே போன் செய்து, "மெயில் வந்துருச்சுல்ல?" என்று கேட்பார்கள். வந்திருக்கும். ஆனால் அவர்கள் பார்த்த மாதிரியே இங்கே திறக்குமா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் சிக்கல் ஃபாண்டில்தான். இன்னமும் நிறையப் பேர் பாமினியில் அடிக்கிறார்கள். அந்த ஃபாண்ட் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிறது. உங்கள் திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரிவது, பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். தாத்தா பாட்டி பெயர், குலதெய்வம் எல்லாமே அப்படித்தான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபாண்ட் மாறினாலும் எழுத்து மாறாது. பாமினியை விட முடியாதென்றால் ஒரே மெயிலில் இரண்டு ஃபைல் வையுங்கள். ஒன்று வேர்டு ஃபைல், நாங்கள் வேலை செய்ய. இன்னொன்று அதையே பிடிஎஃப் ஆக்கியது, சரிபார்க்க. எந்த ஃபாண்ட் என்பதை மெயிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் செய்து அனுப்புகிறவர்கள் கன்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தை கர்வ், அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவம் ஆக்கிய காப்பி ஒன்றும் சேர்த்து அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

அனுப்பி முடித்ததும் சென்ட் பகுதிக்குப் போய், அந்த மெயிலில் இருக்கும் ஃபைலை உங்கள் போனில் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் தெரியும், அங்கே உங்கள் ஃபாண்ட் இருக்கிறதே. போனில் அது இருக்காது. எனக்கு எப்படித் தெரியுமோ அப்படியே உங்களுக்கும் தெரியும். ஃபைலே சேர்க்காமல் வெறும் மெயில் போயிருந்தாலும் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.

போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4 அங்குல அகலத்தில் மாப்பிள்ளை பெண் படம் என்றால் 1200 பிக்சலாவது இருக்க வேண்டும். மெயிலில் அனுப்புங்கள். ஐபோனின் மெயில் ஆப், படத்தைச் சிறிதாக்கட்டுமா என்று கேட்டால் 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தொடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஜிமெயிலில் எல்லாம் சேர்த்து 25 எம்பி வரை இணைக்கலாம். ஆனால் மெயில் போகும்போது ஃபைல் முழுவதும் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். அதனால் 20 எம்பி ஃபைல் வழியில் 27 எம்பி அளவுக்குப் பெருத்துவிடும். எதிர்ப்பக்கம் 25தான் எல்லை என்றால் திரும்பி வந்துவிடும். 15 எம்பிக்கு மேல் போனால் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புவது நல்லது. லிங்க்கை எடுக்கும்போது 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நான் இங்கிருந்து அனுமதி கேட்டு, நீங்கள் அந்த மெயிலை மறுநாள் பார்த்து, பாதி நாள் அதிலேயே போய்விடும்.

சரி, இனி வாங்கும் பக்கம். தெரியாத இடத்திலிருந்து 'பில்' என்று வரும் ஃபைலைத் திறக்காதீர்கள். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். 'பில்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' ஆக இருக்கலாம்; அதைத் திறந்தால் ஒரு புரோகிராம் ஓட ஆரம்பித்துவிடும். அந்த மறைப்பை எடுத்துவிடுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான். நிறைந்தால் புது மெயில் வராது. தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர், முக்காற்புள்ளி, 10எம் என்று இடைவெளி விடாமல் அடித்தால் பெரிய மெயில்கள் மட்டும் வரும்; வேண்டாததை அழித்துவிடலாம்.

இவற்றை எல்லாம் விட நான் பயப்படுவது ஒரே பெயரில் வரும் இரண்டு ஃபைல்களுக்குத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டார் 'பத்திரிகை' என்ற பெயரில் மேட்டர் அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து முகூர்த்த நேரத்தை மாற்றி, அதே பெயரிலேயே மறுபடி அனுப்பினார்கள். டவுன்லோடு ஆகும்போது புதியது 'பத்திரிகை' என்று வந்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் 1 ஒட்டிக்கொண்டது. நான் பழையதைத் திறந்து, அச்சு மெஷினில் மாட்டும் பிளேட் போடக் கொடுத்துவிட்டேன். 7.30 முதல் 9 என்று இருக்க வேண்டியது 6 முதல் 7.30 என்று 500 பத்திரிகையும் அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையைப் படித்ததும் முகம் மாறியதை எதிரில் நின்று பார்த்தேன். ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப அடித்துக் கொடுத்தோம். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து, ஃபைல் வந்தவுடன் பெயரை மாற்றிவிடுகிறேன்: 'ராஜபாளையம் திருமணம், திருத்தம் 3, ஜனவரி 8' என்பது போல. முந்தையது 'பழசு' ஃபோல்டருக்குப் போய்விடும். நீங்களும் அனுப்பும்போதே இப்படிப் பெயர் வைத்து, என்ன மாறியது என்று மெயிலில் எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. வாங்கியதும் வெறும் 'ஓகே' போடுவதையும் விட்டுவிட்டேன். இப்போது நான் அனுப்பும் பதில் இப்படி இருக்கும்: "திருத்தம் 3 கிடைத்தது, ஐயா. முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 வரை என்று இருக்கிறது. சரிதானே?" 'சரி' என்று பதில் வரும் வரை பிளேட் போடுவதில்லை.