ஒரே அணியை ஏழு முறை எதிர்கொள்வது: ஐஸ் ஹாக்கி பிளேஆஃபில் வெல்லும் வழி

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். பருவத்தில் ஓர் அணி எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றின் முடிவில் 32 அணிகளில் 16 மட்டுமே வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குத் தகுதி பெறுகின்றன. அதன் பிறகு நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றும் ஏழு ஆட்டங்கள் வரை நீளக்கூடிய தொடர், தொடருக்கு நான்கு வெற்றி என மொத்தம் 16 ஆட்டங்களை வென்றால்தான் லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை கைக்கு வரும். பருவம் முழுவதும் கைகொடுத்த ஆட்டமுறை இந்த 16 வெற்றிகளையும் தந்துவிடும் என்று நம்ப இடமில்லை. 2018-19 பருவத்தில் 62 ஆட்டங்களை வென்று 128 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்த டாம்பா பே லைட்னிங், முதல் சுற்றிலேயே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. 2022-23இல் 65 வெற்றிகள், 135 புள்ளிகள் என லீக் சாதனை படைத்த பாஸ்டன் புரூயின்ஸ், முதல் சுற்றில் புளோரிடா பேந்தர்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்றும் தொடரை இழந்தது.

இவ்விரு அணிகளும் திறமையில் குறைந்தவை அல்ல. வழக்கமான பருவத்தில் எதிரணி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் பழக்கங்களை ஆழமாக ஆராய எவருக்கும் நேரம் இருக்காது. பிளேஆஃபிலோ ஏறத்தாழ இரண்டு வாரம் ஒரே அணியுடன் மோத வேண்டும். எதிரணி வீரர் பெனால்ட்டியால் வெளியே இருக்கும்போது நீங்கள் ஆடும் பவர் பிளே எந்தப் பக்கத்திலிருந்து உருவாகிறது, உங்கள் தற்காப்பு வீரர்களில் எவர் அழுத்தத்தில் தடுமாறுகிறார் என்பதெல்லாம் மூன்றாம் ஆட்டத்துக்குள் எதிரணிப் பயிற்சியாளருக்கு மனப்பாடமாகிவிடும். ஆகவே ஒரு தொடருக்கு அணியைத் தயார் செய்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தன் அணியின் மிகச் சிறந்த ஆயுதம் முடக்கப்பட்ட பிறகும் கோல் அடிக்க அதனிடம் வேறொரு வழி இருக்கிறதா என்பதே. கீழே சொல்பவை யாவும் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

தொடருக்கு முந்தைய நாள்களில் எதிரணியின் எல்லா ஆட்டங்களையும் வீரர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அந்த அணி தன் பகுதியிலிருந்து பக்கை (இந்த ஆட்டத்தின் ரப்பர் வட்டை) எப்படி வெளியே கொண்டுவருகிறது என்பதை மட்டும் முழுமையாகப் படியுங்கள். ஃபோர்செக், அதாவது எதிரணி தன் பகுதியை விட்டு வெளியேறும் முன்பே அதை நெருக்கும் முறை, பிளேஆஃபில் மற்ற எதையும்விட அதிகப் பலன் தருவது என்பது என் உறுதியான கருத்து. நடுக்களத்தில் இடைவெளி கிடைக்காத தொடரில் அழகான நுழைவுகள் குறைந்துபோகும். எனவே பக்கை ஆழத்துக்கு அனுப்பிவிட்டு அதைத் துரத்திப் பிடிப்பதையே ஒரு தாக்குதல் முறையாகப் பழக வேண்டும். கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள மூலைகளில் கோல்கீப்பர் பக்கைத் தொட என்.எச்.எல். விதி அனுமதிப்பதில்லை, ஆகவே பக் மூலையில் சென்று விழுமாறு அனுப்புங்கள். முதலில் துரத்தும் வீரர் நேராகப் பாயாமல், எதிராளியைத் தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் ஒரே பக்கமாகத் திரும்ப வைக்கும் கோணத்தில் செல்ல வேண்டும். இரண்டாமவர் அந்தப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். மூன்றாமவர் சற்றுப் பின்னால் நின்று எதிர்த்தாக்குதலுக்கு வழியில்லாமல் செய்ய வேண்டும். 2019இல் கொலம்பஸ் முதல் ஆட்டத்தில் 0-3 எனப் பின்தங்கிய பிறகும் இந்த நெருக்குதலைக் கைவிடவில்லை. அந்த ஆட்டத்தை 4-3 என்று வென்ற அந்த அணி, லைட்னிங்கின் திறமை மிக்க வீரர்களுக்குத் தொடர் முழுவதும் மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை.

இதே நெருக்குதல் உங்கள் மீதும் வரும். அப்போது பக்கை, தளத்தை மூன்றாகப் பிரிக்கும் இரு நீலக் கோடுகளுக்கு அருகே இழப்பதுதான் பெரிய ஆபத்து. ஏனெனில் அந்த நேரத்தில் உங்கள் வீரர்கள் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பார்கள். வழி அடைபட்டிருந்தால் பலகையிலோ கண்ணாடியிலோ மோதவிட்டுப் பக்கை வெளியேற்றுவது கோழைத்தனம் அன்று என்பதை உங்கள் நட்சத்திர வீரருக்கும் சொல்லி வையுங்கள். ஆட்டத்தின் மூன்று 20 நிமிடப் பகுதிகளில் இரண்டாவதில், அணிகள் பக்கம் மாறுவதால் மாற்று வீரர்களின் இருக்கை உங்கள் தற்காப்பு முனையிலிருந்து தூரமாகிவிடுவதால் களைத்த வீரர்கள் மாறிக்கொள்வது கடினம். பக்கை எதிரணிப் பகுதியின் ஆழத்துக்கு அனுப்பாமல் எவரும் மாறக் கூடாது என்ற விதியை அந்த 20 நிமிடங்களுக்கு மிகக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்.

அடுத்தது யாரை யாருக்கு எதிராக இறக்குவது என்பது. ஆட்டம் நிற்கும்போது வெளியூர் அணி முதலில் வீரர்களை மாற்ற வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் அணி தன் மாற்றத்தைச் செய்யலாம். சொந்தத் தளத்தில் ஆடுவதன் மெய்யான பயன் கூட்டத்தின் ஆரவாரத்தைவிட இந்த உரிமையில்தான் இருக்கிறது. 2024 இறுதித் தொடரில் எட்மண்டன் ஆயிலர்ஸின் கானர் மெக்டேவிட் நான்காம், ஐந்தாம் ஆட்டங்களில் தலா நான்கு புள்ளிகள் (கோல் அடித்தாலோ கோலுக்கு உதவினாலோ ஒரு புள்ளி) எடுத்தார். 0-3 எனப் பின்தங்கியிருந்த அவரது அணி 3-3 எனச் சமன் செய்தது. ஆனால் கடைசி இரண்டு ஆட்டங்களில் மெக்டேவிட்டுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஏழாம் ஆட்டத்தைச் சொந்தத் தளத்தில் ஆடிய புளோரிடா 2-1 என்று வென்றது. அலெக்சாண்டர் பார்கோவ் போன்று தற்காப்பில் சிறந்த நடுக்கள வீரர் ஒருவர் இருந்தால், எதிரணியின் முதல் வரிசைக்கு (சேர்ந்து களமிறங்கும் மூன்று முன்கள வீரர்களுக்கு) எதிராக அவரை நிறுத்தி, மற்ற மூன்று வரிசைகளும் தங்கள் எதிராளிகளை வெல்லுமாறு ஆட்டத்தை அமைக்கலாம். வெளியூரில் இந்த வசதி இருக்காது. அங்கே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரைவாக மாறிக்கொள்வதும், ஐசிங் (நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுமாறு பக்கை அனுப்புவது) செய்யாமல் இருப்பதும் முக்கியம். ஐசிங் செய்த அணி வீரர்களை மாற்ற முடியாது என்பதால், களைத்த வரிசையுடன் உங்கள் சொந்தப் பகுதியில், ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் ஃபேஸ்ஆஃபை எதிர்கொள்ள நேரும்.

மூன்றாம் வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொடர்கள் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன என்று நான் நினைக்கிறேன். இரு அணிகளின் முதல் வரிசைகளும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிட்டால், அடுத்து வருபவர்களில் எவர் மேலோங்குகிறாரோ அவர் அணிக்கே ஆட்டம் சாய்கிறது. 2019இன் தோல்விக்குப் பிறகு லைட்னிங் நிர்வாகம் பயிற்சியாளரை நீக்கவும் இல்லை, நட்சத்திரங்களை விற்கவும் இல்லை. 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்ளே குட்ரோ என்னும் இரு உழைப்பாளி வீரர்களைப் பெற, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையே விலையாகக் கொடுத்தது. நட்சத்திரங்கள் அல்லாத வீரர்களுக்கு இவ்வளவு பெரிய விலையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. யானி கூர்டுடன் அவ்விருவரும் சேர்ந்து அமைத்த வரிசை எதிரணிகளை அவர்கள் பகுதியிலேயே முடக்கிவைத்தது. லைட்னிங் 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வென்றது. அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான மார்ச் மாத வர்த்தகக் கெடுவுக்கு முன் எவரை வாங்கலாம் என்று யோசிக்கும் எந்த மேலாளரும் இன்னொரு நட்சத்திரத்தைத் தேடும் முன் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

கோல்கள் எங்கிருந்து வரும்? இந்தக் கட்டத்துக்கு வந்த கோல்கீப்பர்கள் கண்ணுக்குத் தெரியும் அடியைப் பெரும்பாலும் தடுத்துவிடுவார்கள். எனவே அவர் பார்வையை மறைத்து ஒருவர் நிற்க வேண்டும், பக் வரும் வழியில் மட்டையால் திசைமாற்ற வேண்டும், தடுக்கப்பட்டுத் திரும்பும் பக்கை அடிக்க இன்னொருவர் அருகே இருக்க வேண்டும். தொலைவிலிருந்து அடிப்பவர் மூலைகளைக் குறிவைப்பதைவிட, தடுப்பவர்களின் கால்களில் படாமல் பக்கை வலைவரை சேர்ப்பதையே நோக்கமாகக் கொள்ள வேண்டும். உங்கள் வலைமுன்னே இதே வேலையைச் செய்ய வருபவரைத் தற்காப்பு வீரர் தள்ள முயல்வதைவிட அவருடைய மட்டையைத் தூக்கிப் பிடிப்பது பயன் தரும். தள்ளுமுள்ளு பெனால்ட்டியில் முடியக்கூடும். இடித்தவரைத் திருப்பி இடிப்பவருக்கே நடுவரின் கை உயர்வது இந்த ஆட்டத்தில் வழக்கம் என்பதைச் சூடான இளம் வீரர்களுக்குத் தொடருக்கு முன்பே நினைவூட்டுங்கள்.

கோல்கீப்பரின் உச்சத்தை எவரும் திட்டமிட்டு வரவழைக்க முடியாது. 2012இல் எட்டாம் இடத்தில் தகுதி பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு ஜோனதன் குவிக் அளித்தது அப்படிப்பட்ட ஓர் உச்சம். பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே கிடைத்தது. உங்களால் செய்யக்கூடியது இரண்டு: அவர் பக்கைத் தெளிவாகப் பார்க்குமாறு தடுப்பாட்டத்தை அமைப்பது, யார் ஆடுவார் என்பதைத் தொடருக்கு முன்பே தீர்மானிப்பது. பருவம் முழுவதும் இரு கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி ஆடவைத்த பாஸ்டன், 2023 தொடரில் லைனஸ் உல்மார்க்கை ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து ஆடவைத்துவிட்டு, ஏழாம் ஆட்டத்துக்கு ஜெரமி ஸ்வேமனை இறக்கியது. தோல்விக்கு அதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் இருவரையும் மாற்றி ஆடவைத்துப் பழகிய அணி அந்த முறையையே தொடர்ந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

காயங்கள் குறித்து இந்த விளையாட்டில் நிலவும் பெருமிதம் எனக்கு ஏற்புடையது அன்று. 2013 இறுதித் தொடரில் பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜெரான் முறிந்த விலா எலும்போடும் இடம்பெயர்ந்த தோள்மூட்டோடும் ஆடினார். அவருக்கு நுரையீரலில் துளை விழுந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அவருடைய மனவுறுதியைப் போற்றலாம், ஆனால் அதை மற்ற வீரர்களுக்கு அளவுகோலாக்கக் கூடாது. மருத்துவரின் முடிவே இறுதியானது என்று பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். முழு உடல்நலத்துடன் உள்ள மாற்று வீரரை ஏப்ரலுக்கு முன்பே போதிய ஆட்டங்களில் ஆடவைத்துத் தயாராக வைத்திருங்கள்.

கடைசியாகக் கூடுதல் நேரம். வழக்கமான பருவத்தில் சமநிலையானால் மூவருக்கு மூவர் என ஐந்து நிமிடம், பிறகு வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட். பிளேஆஃபில் ஐவருக்கு ஐவர், 20 நிமிடப் பகுதிகள், முதல் கோல் விழும்வரை முடிவே இல்லை. 2020 ஆகஸ்டில் கொலம்பஸும் லைட்னிங்கும் ஐந்தாம் கூடுதல் பகுதிவரை மோதின. தோற்ற அணியின் கோல்கீப்பர் யோனாஸ் கோர்பிசாலோ 85 அடிகளைத் தடுத்திருந்தார், பிரேடன் பாயின்ட் வெற்றிக் கோலை அடித்தார். அப்படி ஓர் இரவுக்கான ஏற்பாட்டை மூன்றாம் பகுதி முடிந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். நான்காம் வரிசைக்கு முதல் 60 நிமிடங்களிலேயே போதிய நேரம் கொடுத்து, முன்னணி வீரர்களின் கால்களில் வலுவை மிச்சப்படுத்துங்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் உண்ணப் பழமும் எளிதில் செரிக்கும் உணவும், குடிக்க உப்பும் சர்க்கரையும் கலந்த பானமும், மாற்ற உலர்ந்த கையுறைகளும் உள்ளாடைகளும் தயாராக இருக்கட்டும். கூடுதல் நேரம் தொடங்கியதும் ஒருவர் தொடர்ந்து ஆடும் நேரத்தை 40 விநாடிக்குள் சுருக்குங்கள். வலையை நோக்கி வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு பாஸ் தேடாமல் அடிக்கச் சொல்லுங்கள்.