பழைய லேப்டாப், லினக்ஸ் மின்ட், வராத வைஃபை: டிரைவர் போடுவது எப்படி?

எங்கள் மாடி வீட்டு அக்காவின் மகள் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் கையில் இருப்பது அண்ணன் பயன்படுத்திக் கழித்த லேப்டாப். 4ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் குறைந்தது 8ஆம் தலைமுறை வேண்டுமாம். "தம்பி, இதுல எதாச்சும் பண்ணிக் குடுப்பா, புதுசு வாங்குற நெலமையில இல்ல" என்று அக்கா தண்டையார்பேட்டை வெயிலில் வியர்க்க விறுவிறுக்க மாடியிலிருந்து இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டு வைஃபை வர மூன்று ராத்திரி ஆனது. அந்த மூன்று ராத்திரி உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மின்ட் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதுவது, பயாஸில் நுழைந்து பென் டிரைவில் இருந்து பூட் செய்வது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பென் டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். மின்ட்டில் மூன்று வகை உண்டு; 4 ஜிபி ராம் என்றால் யோசிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். சினமன் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குரோமில் பத்து டேப் திறந்தால் திணறும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும் என்பதால் நான் அதைத்தான் போட்டேன்.

முதல் படி: தளத்தில் தேடாதீர்கள்

விண்டோஸ் பழக்கத்தில் நானும் முதலில் லேப்டாப் நிறுவனத்தின் தளத்துக்குத்தான் போனேன். மாடல் எண்ணைப் போட்டால் விண்டோஸ் 8.1, விண்டோஸ் 10 இரண்டு மட்டும்தான் பட்டியலில் இருந்தன. லினக்ஸ் என்ற பேச்சே இல்லை. அதைப் பார்த்துவிட்டு "இதுக்கு சப்போர்ட் இல்ல" என்று மூடிவைத்தவர்கள் நிறைய. உண்மையில் லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே (லினக்ஸின் மையப் பகுதி) வந்துவிடுகின்றன. டச்பேட், சவுண்ட், இன்டெல் கிராபிக்ஸ், கேமரா எதற்கும் நான் விரலைக்கூட அசைக்கவில்லை. தகராறு செய்வது பெரும்பாலும் இரண்டே பேர்: என்விடியா கிராபிக்ஸ், பிராட்காம் வைஃபை. எனக்கு வாய்த்தது பிராட்காம்.

இரண்டாம் படி: எந்தச் சிப் என்று பாருங்கள்

மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் (22.3 பதிப்பிலிருந்து இதன் பெயரே சிஸ்டம் இன்ஃபர்மேஷன்) என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்துக்குப் போங்கள். நீளமாக ஓடும் பட்டியலில் நெட்வொர்க் என்ற பகுதியில் நிறுத்துங்கள். அங்கே கார்டின் பெயர், அதைப் பிடித்திருக்கும் டிரைவரின் பெயர், சிப் ஐடி என்று ஓர் எண் மூன்றும் இருக்கும்.

அந்த எண்ணில் புள்ளிகளுக்கு முன்னால் இருப்பது சிப்பைச் செய்த நிறுவனம், பின்னால் இருப்பது சிப்பின் வகை. 8086 என்று தொடங்கினால் இன்டெல். (1978இல் வந்த அவர்களுடைய பழைய பிராசசரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள்.) இன்டெல் வைஃபை என்றால் அநேகமாக உங்களுக்கு இந்தப் பதிவே தேவைப்படாது. 14இ4 என்று தொடங்கினால் பிராட்காம். என்னுடையது 14இ4:4365, அதாவது பிசிஎம் 43142.

டிரைவர் என்ற இடத்தில் என்/ஏ என்றோ, பிசிஎம்ஏ என்று தொடங்கும் ஒரு பெயரோ இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டாவதைப் பார்த்து 'டிரைவர்தான் இருக்கிறதே' என்று நான் ஒரு மணி நேரம் ரூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது வெறும் பாலம். அதை வைத்து இந்தச் சிப்பில் வைஃபை வராது. அந்த இடத்தில் டபிள்யூஎல் என்று வரவேண்டும், அதுதான் நமக்கு வேண்டிய டிரைவர்.

பிராட்காம் 2010இல் ஒரு திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. ஆனால் 43142 அதில் சேரவில்லை. இதற்கு மூடிய டிரைவர்தான் வழி. அதன் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது. அதற்குப் பிறகு நிறுவனம் கையைக் கழுவிவிட்டது. உபுண்டு, டெபியன் என்ற மற்ற லினக்ஸ்களின் ஆட்கள்தான் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் இது திரும்ப வரும்.

மூன்றாம் படி: வைஃபை இல்லாமல் நெட் கொண்டுவருவது

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். முட்டையா கோழியா கதை. வீட்டு ரூட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் கேபிளைச் செருகிவிடலாம். எங்கள் வீட்டு ரூட்டர் பரணுக்கு மேலே இருக்கிறது. அதனால் போன்.

ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியாகக் கொடுப்பது) என்பதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லேப்டாப்பில் வயர்டு கனெக்‌ஷன் வந்துவிடும். இதற்கு எந்த டிரைவரும் வேண்டாம்.

எனக்கு யூஎஸ்பி டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடந்தது, அழுத்தவே முடியவில்லை. போனை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கேபிள். ரயிலடியில் வாங்கிய கேபிள், சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. உள்ளே இரண்டு கம்பிதான். போனோடு பெட்டியில் வந்த கேபிளைப் போட்டதும் பொத்தான் உயிர்பெற்றது. போனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கேபிள்தான்.

நான்காம் படி: டிரைவர் மேனேஜர்

மெனுவில் டிரைவர் மேனேஜர் திறந்து பாஸ்வேர்டு கொடுங்கள். கொஞ்சம் தேடிவிட்டு பிராட்காம் பெயரைக் காட்டும். பிசிஎம்டபிள்யூஎல் கெர்னல் சோர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அது டிரைவரை உங்கள் கெர்னலுக்கு ஏற்றபடி உட்கார்ந்து கட்டுகிறது, பாதியில் மூடிவிடாதீர்கள்.

யூடியூப் பார்த்து பி43 ஃபர்ம்வேர் என்று ஒன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். அது வேறு பிராட்காம் சிப்களுக்கானது, 43142க்கு உதவாது. நான் முதல் ராத்திரி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, மறுபடி மின்ட்டையே முதலிலிருந்து போட்டேன்.

ஐந்தாம் படி: அந்த நீலத் திரை

இங்கேதான் இரண்டாவது, மூன்றாவது ராத்திரிகள் போயின. நிதானமாகப் படியுங்கள்.

டிரைவர் ஏறியது, பிழை எதுவும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தேன். வைஃபை இல்லை. நீக்கினேன், போட்டேன், ரீஸ்டார்ட். இல்லை. கையால் ஏற்றிப் பார்த்தபோது டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று ஒரு வரி வந்தது. டிரைவர் இருக்கிறது, ஆனால் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை என்று அர்த்தம். அந்தக் காவலாளியின் பெயர் செக்யூர் பூட்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், கையெழுத்து இல்லாத எந்த டிரைவரையும் கெர்னல் ஏற்றிக்கொள்ளாது. நம் வீட்டில் கட்டிய டிரைவருக்கு நம் லேப்டாப்பே ஒரு சாவி செய்து கையெழுத்துப் போடும். அந்தச் சாவி நம்முடையதுதான் என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை நாம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் டிரைவர் போடும்போது ஒரு சின்ன ஜன்னல் வந்து 8இலிருந்து 16 எழுத்துக்குள் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எனக்கு அது டிரைவர் மேனேஜருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இது உங்கள் லாகின் பாஸ்வேர்டு அல்ல, ஒரே ஒரு தடவை பயன்படுத்தப்போகும் பாஸ்வேர்டு. எண்களில் மட்டும் வைத்துக்கொண்டால் பின்னால் தட்டும்போது தடுமாற்றம் இருக்காது.

இப்போது ரீஸ்டார்ட். மின்ட் லோகோ வருவதற்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு திரை வரும். ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி பத்து நொடி எண்ணும். அதற்குள் அழுத்தாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல் பூட் ஆகிவிடும். நான் ரீஸ்டார்ட் போட்டுவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போய் வருகிற ஆள். இரண்டு ராத்திரியும் அந்த நீலத் திரை வந்து, காத்திருந்து, போய்விட்டிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "அண்ணா, ஏதோ ப்ளூ கலர்ல வந்துச்சு, போயிடுச்சு" என்றாள். அப்போதுதான் விளங்கியது.

கீயை அழுத்தியதும் நான்கு வரிகள் வரும். முதலில் நிற்பது கன்டினியூ பூட். அவசரத்தில் என்டர் தட்டினால் மறுபடி ஆரம்பத்துக்கே போய்விடுவீர்கள். கீழ் அம்புக்குறியால் ஒன்று இறங்கி என்ரோல் மோக் (நம் சாவியைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து கன்டினியூ. அடுத்து யெஸ். பிறகு பாஸ்வேர்டு. தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, கீபோர்டு செத்துவிட்டது என்று நினைக்காமல் தட்டி என்டர் கொடுங்கள். கடைசியாக ரீபூட். டெஸ்க்டாப் தெரிந்ததும் மூலையில் வைஃபை குறி நிற்கும்.

நீலத் திரையைத் தவறவிட்டால் அது தானாகத் திரும்ப வராது. டெர்மினலில் மோக்யூட்டில் கட்டளையை சுடோவோடு (அட்மின் உரிமை தரும் சொல்), இம்போர்ட் என்ற தேர்வு சேர்த்து ஓட்ட வேண்டும். எந்தக் கோப்பு என்பதையும் அதே வரியில் கொடுக்க வேண்டும்: வார், அதற்குள் லிப், அதற்குள் ஷிம்-சைன்ட், அதற்குள் மோக் என்ற ஃபோல்டரில் மோக் டெர் என்று ஒரு கோப்பு இருக்கும், அதைக் காட்டுங்கள். கோப்பின் பெயரில் முதல் மூன்று எழுத்து கேப்பிடல், புள்ளிக்குப் பிறகு ஸ்மால். மறுபடி பாஸ்வேர்டு வைத்துவிட்டு ரீஸ்டார்ட். இந்தத் தடவை டீ அப்புறம்.

'இவ்வளவு எதுக்கு, பயாஸில் செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடலாமே' என்றால், பண்ணலாம். லேப்டாப்பில் லினக்ஸ் மட்டும் இருந்தால் அதுதான் சுலபம். ஆனால் பக்கத்தில் விண்டோஸும் இருந்து அதில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஆனில் இருந்தால், அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அதை எங்கே எழுதிவைத்தோம் என்று தெரிந்தவர்கள் மட்டும் தொடுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிவிடலாம். எங்கள் பக்கத்திலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். ஆனால் கடையில் "லினக்ஸில் ஓடுமா" என்று கேட்டால் "உள்ள சிடி இருக்கு சார், போட்டுக்கோங்க" என்பார்கள். பெட்டி மேல் இருக்கும் பிராண்டைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். ஏதெராஸ் ஏஆர் 9271, மீடியாடெக் எம்டி 7601யூ இரண்டும் செருகியதும் ஓடும். ரியல்டெக் என்றால் மாடலைக் கூகுளில் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாம்தான். ஆனால் சில லேப்டாப்களில் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. வாங்கியபின் தெரிந்து பிரயோசனமில்லை.

பின்சேர்க்கை: படித்துவிட்டு எழுதியவர்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்

காசிமேட்டிலிருந்து ஒருவர், சிஸ்டம் ரிப்போர்ட்ஸில் பிராட்காம் என்ற பெயரே வரவில்லை என்றார். பெயரே வரவில்லை என்றால் அது டிரைவர் பிரச்சினை இல்லை. லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அடியில் கார்டைப் பார்க்கச் சொன்னேன். காண்டாக்ட்டில் பச்சை பூத்திருந்ததாம், கடல் காற்று. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டியதும் பெயர் வந்தது. அப்புறம் மேலே சொன்ன படிகள்.

புளூடூத் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். 43142இல் புளூடூத்துக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், வைஃபை டிரைவரோடு அது வராது. நான் அதைத் தொடவில்லை. அவளுக்கு வயர் ஹெட்போன் போதுமாம்.

பெரிய சிக்கல் இது: அப்டேட் போட்டபின் வைஃபை காணாமல் போனது. எனக்கும் நடந்தது. புதுக் கெர்னல் வந்தால் இந்தப் பழைய டிரைவரை அதற்காக மறுபடி கட்ட வேண்டும், சில சமயம் கட்டமுடியாமல் நின்றுவிடும். ஆன் செய்ததும் எஸ்கேப் கீயை ஒரு தடவை தட்டுங்கள், எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வரும். படபடவென்று தட்டினால் கறுப்புத் திரையில் கிரப் என்று மட்டும் வந்து நிற்கும். பயப்படாமல் நார்மல் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள், மெனு திரும்பும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை வந்துவிடும். ஒட்டுப்போட்ட டிரைவர் வரும்வரை அதிலேயே ஓட்டலாம்.

பழைய கெர்னல் இருந்தால்தானே இது நடக்கும்? அதனால் அப்டேட் மேனேஜரின் பிரிஃபரன்ஸில் ஆட்டோமேஷன் பக்கத்துக்குப் போய், பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் தேர்வு ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்கா வீட்டு லேப்டாப்பில் அதை ஆஃப் செய்து, 'கெர்னலை நீக்காதே, என்னைக் கூப்பிடு' என்று ஒரு ஸ்டிக்கர் எழுதி டச்பேடுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.