தைமஸ் சுருங்கும் வயதில் நோய் எதிர்ப்பாற்றலைக் காப்பது எப்படி?

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்திற்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் சுரப்பிதான், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களின் பயிற்சிக்கூடம். எலும்பு மஜ்ஜையிலிருந்து இங்கு வந்து சேரும் இளம் செல்களுள், எதையும் அடையாளம் காண இயலாதவையும் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கக்கூடியவையும் அழிந்துவிட, மிகச் சிலவே தேறி இரத்தத்திற்குள் செல்கின்றன. பயனற்ற உறுப்பு என்று கருதப்பட்ட இதன் பணியை 1961இல் வெளிக்கொணர்ந்தவர் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஜாக் மில்லர். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் இதன் தேய்வு பருவமடைந்த பின் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. செயல்படும் திசு இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் முதுமையில் பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் மிகுந்தும், புதிய கிருமிகளை எதிர்கொள்ளும் டி செல்கள் குறைந்தும் காணப்படுகின்றன.

இதனுடன் சேர்ந்து வருவது, காய்ச்சலோ வலியோ இன்றி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மெல்லிய அழற்சி. முதுமையடைந்த செல்களும் வயிற்றினுள் படியும் கொழுப்பும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை விடாமல் சுரக்கின்றன. அந்த அழற்சி தைமஸையும் விட்டுவைப்பதில்லை. வயதை நம்மால் நிறுத்த முடியாது, அழற்சியைக் குறைக்க முடியும் என்பதால், முயற்சியை அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

முதலில் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். அந்த அளவு உங்கள் உயரத்தின் பாதியைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று பொருள். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நாள்பட்ட ஈறு நோயும் அழற்சியின் ஊற்றுகளுள் ஒன்று என்பதால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பதை நிறுத்துவதும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. உடலின் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி.யை மருத்துவர் எழுதித் தந்தால், சளி, காய்ச்சல் முற்றிலும் தணிந்த பிறகு செய்துகொள்ளுங்கள். இல்லையெனில் அந்த எண் நாள்பட்ட நிலையைக் காட்டாது.

நீண்டகாலமாகச் சைக்கிள் ஓட்டிவரும் 55 முதல் 79 வயது வரையிலானவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், தைமஸிலிருந்து புதிதாக வெளிவந்த டி செல்கள் உடலுழைப்பற்ற அதே வயதினரைவிட அவர்களிடம் அதிகமாக இருந்தன. இது காரணத்தை முழுமையாக நிறுவவில்லை என்றாலும், எனக்குத் தெரிந்தவரை எந்த மாத்திரையையும்விட நம்பத்தக்க வழி ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் செய்யும் உடற்பயிற்சியே. துத்தநாகக் குறைபாடு தைமஸைச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் குறைபாடு இல்லாதவர் அதை அளவின்றி விழுங்கினால் செம்புச் சத்துக் குறையும். ‘தைமஸை இளமையாக்கும்’ என்று விற்கப்படுபவற்றை வாங்காதிருப்பதே மேல்.

தடுப்பூசிகளையும் தள்ளிப்போடாதீர்கள்: முதுமை முற்றிய பின் அவற்றிற்கான எதிர்வினை மங்கும் என்பதால், இன்ஃப்ளூயன்ஸா, நிமோகாக்கல், அக்கிப்புண் தடுப்பூசிகளை எந்த வயதில் போட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் தைமஸைச் சுருக்கும் என்று அறிந்து அவற்றைத் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

இதய அறுவை சிகிச்சையின்போது வழிவிடுவதற்காகத் தைமஸ் சில வேளைகளில் அகற்றப்படுகிறது. அது அகற்றப்பட்ட பெரியவர்களிடையே ஐந்தாண்டுகளுக்குள் இறப்பும் புற்றுநோயும் கூடுதலாக இருந்ததை 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தைமஸில் கட்டியோ, தசைகளைத் தளரச் செய்யும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயோ இருந்தால் அகற்றுவது தேவைப்படலாம்; வேறு காரணம் இல்லாதபோது, அதை விட்டுவைக்க இயலுமா என்று அறுவை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.