மாநில அரசுகளின் அயலக உறவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநில அரசு ஒன்று அயல்நாட்டோடு உறவு கொள்ள முனையும்போது, கையெழுத்து விழாவுக்கு நாள் குறித்த பிறகே அதிகார வரம்பைப் பற்றி யோசிப்பது மிகப் பெரிய தவறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், பல நாடுகளைச் சாலை, துறைமுகம் போன்ற கட்டமைப்புகளால் இணைக்கும் சீனாவின் மண்டலமும் பாதையும் (Belt and Road) திட்டத்தில் இணைய 2018இல் புரிந்துணர்வு ஒப்பந்தமும் 2019இல் செயல்திட்ட உடன்பாடும் செய்துகொண்டது. மாநிலங்களின் அயலக உடன்பாடுகளை நீக்கும் அதிகாரத்தை 2020இல் சட்டமாக்கிய மத்திய அரசு, 2021 ஏப்ரலில் இவ்விரண்டையும் ரத்து செய்தது. அதே அறிவிப்பில், ஈரானுடனும் சிரியாவுடனும் விக்டோரியா முன்பு செய்திருந்த கல்வி, அறிவியல் உடன்பாடுகளும் நீக்கப்பட்டன.

இந்தியாவில் வெளியுறவு, மத்திய அரசுக்கே உரிய துறைகளைக் கொண்ட ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 2024இல் கேரளம் வெளிநாட்டு ஒத்துழைப்புக்கென ஓர் அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பு அளித்தபோது, வெளியுறவு அமைச்சகம் இதைத்தான் நினைவூட்டியது. ஆகவே கல்வி, பண்பாடு, சுற்றுலா எனத் தனக்கு உரிய துறைகளில் காலூன்றி, மத்திய அரசுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் தொடங்குவதே மாநிலத்துக்குப் பாதுகாப்பு.

கனடாவின் கியூபெக் மாகாணம் அவ்வாறுதான் தொடங்கியது. கல்வி மாகாணத்தின் அதிகாரம் என்பதால், 1965இல் பிரான்சுடன் கல்வி உடன்பாடு செய்தது. உள்நாட்டில் மாகாணத்துக்கு உரிய அதிகாரம் வெளிநாட்டு உறவிலும் தொடர வேண்டும் என்று கியூபெக்கின் கல்வி அமைச்சர் பால் ஜெரான்-லாஜுவா அதே ஆண்டு வாதிட்டார். ஆயினும் 1968இல் ஆப்பிரிக்காவின் காபோன் நாடு தன் கல்வி மாநாட்டுக்குக் கியூபெக்கை நேரடியாக அழைத்தபோது, கனடா காபோனுடனான தூதரக உறவையே நிறுத்தி வைத்தது. தனக்கு வரும் இடரை மட்டும் கணக்கிட்டு, அழைத்தவருக்கு நேரக்கூடியதை மறந்துவிடுவதும் தவறுதான்.

பண்பாட்டுப் பரிமாற்றத்தை ஒரு கலைக்குழுவின் பயணத்தோடு முடித்துவிடுவது அடுத்த தவறு. என் பார்வையில் அதிகம் நிகழ்வதும் இதுவே. விழா முடிந்து அமைச்சர் மாறியதும், கோப்பைத் தேடி எடுக்கக்கூட ஆளிருப்பதில்லை. பிரான்சும் கியூபெக்கும் 1968இல் இளைஞர் பரிமாற்றத்துக்கென்று ஒரு கூட்டு அலுவலகத்தையே நிறுவி, இரு தரப்பும் நிதி அளித்தன. படிப்புக்கும் பயிற்சிக்கும் இளைஞர்கள் இரு திசைகளிலும் சென்று வருகிறார்கள். அரசுகள் பலமுறை மாறிய பின்னும் அந்த ஏற்பாடு நிற்கிறது. எனவே எந்தத் துறை பொறுப்பு, எந்த நிதித் தலைப்பில் செலவு, எதிர்த்தரப்பிலிருந்து யார் எப்போது வருவார்கள் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.