மூச்சு முட்டி வந்த சிஓபிடி நோயாளி: ரத்த அறிக்கையை வைத்து ஆபத்தைக் கணக்கிடுவது எப்படி?

நெஞ்சக நோய்ப் பிரிவில் புதிதாக டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நர்சிங் மாணவர்களுக்கும் எழுதுகிறேன். சிஓபிடிக்காரர், அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், இரவில் மூச்சு முட்டி வந்திருக்கிறார். ஆக்சிஜன், நெபுலைசர் எல்லாம் மாட்டியாயிற்று. நாலு நாளில் வீட்டுக்கு நடந்து போவாரா, ஐசியுவுக்குப் போவாரா? இதை ஓரளவு கணிக்க விலை உயர்ந்த டெஸ்ட் வேண்டாம். சாதாரண சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) தாளில் ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது.

படி 1: ஸ்டீராய்டு ஊசிக்கு முன் ரத்தம்

இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். ஸ்டீராய்டு ஏறிய சில மணி நேரத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு இறங்கிவிடும், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை ஏறும். நான் புதிதாக இருந்தபோது ஒரு பெரியவரின் இயோசினோஃபில் பூஜ்யம் என்று பார்த்துப் பதறி சீஃபிடம் ஓடினேன். அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், "ஐயா, இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது ஊசி போட்டீங்களா?" என்றார். "ஆமா சார், சாயங்காலம் ரெண்டு ஊசி போட்டேன், கேக்கல." அதில் ஒன்று டெக்சா, அதாவது டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. அந்தப் பூஜ்யம் நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் ரத்தம் எடுத்த நேரத்தையும் கடைசி ஊசியின் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

படி 2: சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றுங்கள்

மொத்த வெள்ளை அணு 12,400, இயோசினோஃபில் 0.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12,400-ஐ 0.2-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சுமார் 25. இது 50-க்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டும். கடுமையான தொற்றின்போது ரத்தத்தில் இயோசினோஃபில் குறைந்துபோகும். அறிக்கையில் வெறும் '0%' என்றிருந்தால் அப்படியே நம்பாதீர்கள். 0.4-ஐயும் 0 என்று அச்சடிக்கும் லேப் உண்டு. அப்சல்யூட் கவுண்ட் என்ன என்று போன் போட்டுக் கேளுங்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. இயோசினோஃபில் 2 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு அதிகம்.

படி 3: டெகாஃப் மதிப்பெண்

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் 920 நோயாளிகளைப் பார்த்து உருவாக்கி, 2012-இல் வெளியிட்ட, மருத்துவமனையில் இறக்கும் ஆபத்தைக் கணிக்கும் கணக்கு இது. அவர்களில் 10.4 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். யார் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் என்பதுதான் கேள்வி.

- இயோசினோஃபில் 50-க்குக் கீழ்: 1
- எக்ஸ்ரேயில் நிமோனியா திட்டு: 1
- ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) பிஹெச் 7.30-க்குக் கீழ்: 1
- ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு): 1
- மூச்சிரைப்பு: துணையில்லாமல் வீட்டை விட்டு வெளியே போக முடியாது என்றால் 1, குளிக்கவும் உடுத்தவும்கூட ஆள் வேண்டும் என்றால் 2

கடைசிக் கேள்வியை இன்றைய நிலையை வைத்துக் கேட்காதீர்கள். இன்று எல்லோருக்கும் மூச்சு முட்டும். "போன மூணு மாசத்துல நல்லா இருந்த நாள்ல எப்படி இருந்தீங்க?" என்று கேட்க வேண்டும். கூட வந்த மகளிடமோ மருமகளிடமோ கேட்டால் இன்னும் சரியாகத் தெரியும்; பெரியவர்கள் "நானே குளிச்சுக்குவேன்" என்று கௌரவத்துக்குச் சொல்வார்கள்.

0 அல்லது 1 என்றால் ஆபத்து குறைவு, 2 நடுத்தரம், 3-உம் அதற்கு மேலும் அதிகம். நம் உதாரண நோயாளிக்கு இயோசினோஃபிலுக்கு 1, எக்ஸ்ரேயில் திட்டுக்கு 1, வெளியே போகத் துணை வேண்டும் என்பதற்கு 1. பிஹெச் 7.34, ஈசிஜி சரி. மொத்தம் 3. சீனியரை உடனே கூப்பிடுங்கள்.

படி 4: மற்ற வரிகள்

நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்ஃபோசைட் (இன்னொரு வகை வெள்ளை அணு) சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். 86-ஐ 8-ஆல் வகுத்தால் 10.75. இந்த விகிதம் ஏற ஏற நிலைமை மோசம்; ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே எல்லைக்கோடு கிடையாது. இதற்கும் ஸ்டீராய்டு எச்சரிக்கை பொருந்தும்.

சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) வேறு வகை. ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதற்குத்தான் அது அதிகம் உதவும். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 653 பேரை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், சிஆர்பி 20-க்குக் கீழே என்றால் ஆன்டிபயாட்டிக் தேவைப்பட வாய்ப்பில்லை, 40-க்கு மேல் என்றால் பலன் தரலாம், இடையில் இருந்தால் சளி பழுத்திருக்கிறதா என்று பார் என்பதே வழிகாட்டல். ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் 77.4 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாகக் குறைந்தார்கள். நோயாளிகளுக்குக் கெடுதல் நேரவில்லை.

யூரியாவில் ஒரு குழப்பம். பேப்-65 என்ற இன்னொரு கணக்கு கேட்பது யூரியா நைட்ரஜன் 25-ஐ எட்டுகிறதா என்று. நம் ஊர் லேப் தாள்களில் பெரும்பாலும் யூரியா என்றே இருக்கும். அதை 2.14-ஆல் வகுக்க வேண்டும். 58 என்றால் 27. ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் புரதம்) கூடியிருந்தால் மாரடைப்பு இல்லாவிட்டாலும் இதயம் சிரமப்படுகிறது என்று அர்த்தம், அசட்டை செய்யாதீர்கள்.

டெகாஃபில் 0 வாங்கிய நோயாளி தூங்கி வழிந்தால்? டெகாஃபில் மயக்கத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம், ஏபிஜியை மறுபடி எடுங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியது ஒரே வரி: "டெகாஃப் 3. ரத்தம் காலை 6.40, ஸ்டீராய்டு 6.55, வெளியில் ஊசி போடவில்லை."