பிளேசிங் ஸ்டார்: ஊதாப் பூக்கதிர்களை இனம் பிரிப்பது எப்படி?

ஜூலை பிறந்தால் அமெரிக்காவின் இல்லினாய், விஸ்கான்சின், மினசோட்டா புல்வெளிகளில் ஊதாப் பூக்கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். அவைதான் லியாட்ரிஸ், அதாவது பிளேசிங் ஸ்டார். வட அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. தொடங்குபவர்கள் நிறத்தையும் உயரத்தையும் பார்த்துப் பெயர் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நிறம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல இனங்களில் வெள்ளைப் பூவும் தலைகாட்டும். உயரம் மண்ணையும் மழையையும் பொறுத்தது. பூவைத் தாங்கும் பச்சைச் செதில்களைத்தான் பார்க்க வேண்டும்.

10 மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், ஃபோன் கேமரா இருந்தால் போதும்.

படி 1: லியாட்ரிஸ்தானா?
சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் சுற்றிலும் இதழ் வரிசை இருக்காது. வெறும் குழல் போன்ற சிறுபூக்கள்; அவை கூட்டமாகச் சேர்ந்ததே ஒரு பூத்தலை. கதிர் மேலிருந்து கீழாக மலரும்.

படி 2: சரியான பூத்தலையைத் தேர்ந்தெடுங்கள்
நுனித் தலையை விட்டுவிடுங்கள். சில இனங்களில் அது மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்து கணக்கைக் கெடுக்கும். கதிரின் நடுப்பகுதியில், புதிதாக மலர்ந்த நான்கைந்து தலைகளைப் பாருங்கள். விதை முற்றியவை வேண்டாம். முற்றும்போது எல்லா இனத்திலும் செதில்கள் விரிந்துவிடும்.

படி 3: செதில்கள்
தலையைப் பக்கவாட்டில் பிடித்து, அடியில் ஓடுகள்போல் அடுக்கியிருக்கும் பூவடிச் செதில்களை லென்ஸில் பாருங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

காம்பில்லாத தலைகள் நெருக்கமாக அடுக்கிய கதிரா? செதில் வழவழப்பாக, நுனி மழுங்கி, தலையோடு ஒட்டிப் படிந்திருந்தால் லியாட்ரிஸ் ஸ்பிக்காட்டா என்ற இனம். நுனி கூராகி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் பிக்னோஸ்டாக்யா. பெரும்பாலும் மயிரும் இருக்கும். அதிகம் குழம்புவது இந்த இரண்டில்தான். நர்சரிச் சீட்டை நம்பாமல் செதிலைப் பாருங்கள்.

தலைகள் பொத்தான்போல் உருண்டு, இடைவெளி விட்டு நின்றால் ஆஸ்பெராவாக இருக்கலாம். அதன் செதில் வட்டமானது, நடுவில் உப்பியிருக்கும்; விளிம்பு அகலமாக, காகிதம்போல் மெலிந்து, கிழிந்தாற்போல் தெரியும். வறண்ட மணல் நிலத்தில் அதிகம். தலைகளுக்குத் தெளிவான காம்பு இருந்து, செதில் உப்பாமல் தட்டையாக இருந்தால் ஸ்கேரியோசா அல்லது லிகுலிஸ்டைலிஸ். லிகுலிஸ்டைலிஸில் நுனித் தலை கண்ணில் படும்படி பெரிதாக இருக்கும். மோனார்க் பட்டாம்பூச்சிகள் இதில் மொய்க்கும். ஆனால் அவை மற்ற இனங்களுக்கும் வருவதால் அது சான்றாகாது.

படி 4: சிறுபூக்களை எண்ணுங்கள்
ஒவ்வொரு சிறுபூவிலிருந்தும் இரண்டு நீண்ட ஊதா இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது இரண்டாகப் பிளந்த சூலகத் தண்டு. இழைகளை எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். ஐந்து மடல் கொண்ட குழல் வாய்களை மட்டும் எண்ணுங்கள். கூட்டமாக இருந்தால் ஒரு தலையைப் பிரித்து உள்ளங்கையில் பரப்பிவிடுங்கள்.

பங்க்டாட்டாவில் பெரும்பாலும் 4 முதல் 6. பிக்னோஸ்டாக்யாவில் 5 முதல் 7 வழக்கம், சற்றுக் கூடவும் செய்யும். ஆஸ்பெராவில் 14 முதல் 24. லிகுலிஸ்டைலிஸில் 30க்கு மேல்.

படி 5: குஞ்சம்
குழலின் அடியைச் சுற்றி நிற்கும் மயிர்க் குஞ்சத்தில் ஒரு மயிரை லென்ஸில் பாருங்கள். இருபுறமும் இறகுபோல் நீண்ட கிளைகள் இருந்தால், இந்தப் பகுதியில் பெரும்பாலும் பங்க்டாட்டா, சிலிண்ட்ரேசியா, ஸ்குவரோசா ஆகியவற்றில் ஒன்று. மேலே சொன்ன மற்றவற்றில் குட்டைப் பற்கள்தான். இந்த மூன்றில், செதில் படிந்து நுனியில் சட்டென்று ஒரு சிறு முள் நீட்டினால் சிலிண்ட்ரேசியா. நுனி கூராகி வெளியே விரிந்தால் ஸ்குவரோசா. இலையில் புள்ளி புள்ளியாகச் சுரப்பிக் குழிகள், ஓரத்தில் மயிர் வரிசை, தலைக்கு ஐந்தாறு பூ என்றால் பங்க்டாட்டா.

இரண்டு இனங்களுக்கு நடுவே நின்றால்?
லியாட்ரிஸ் இனங்கள் தாராளமாகக் கலக்கும். செதில் உப்பியும் உப்பாமலும், தலைக்குக் காம்பு இருந்தும் இல்லாமலும் ஒரு செடி நின்றால், பக்கத்தில் எந்த இரண்டு இனங்கள் பூத்திருக்கின்றன என்று தேடுங்கள். பெரும்பாலும் பெற்றோர் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட செடிக்கு இனப்பெயர் திணிக்காமல் ‘லியாட்ரிஸ், கலப்பினமாக இருக்கலாம்’ என்று குறித்து, முழுச் செடி, நடுத்தண்டு இலை, ஸ்கேலோடு பூத்தலையின் பக்கவாட்டுத் தோற்றம் என மூன்று படம் எடுத்துவையுங்கள். மேலிருந்து எடுத்த அழகான படத்தில் செதில் தெரியாது.